கோயமுத்தூர் செய்தியும் பாலக்காட்டு மழையும்

என்னைப் போல மடச்சி பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் வடகரப்பதியில் இன்னொருத்தி இருக்க மாட்டாள். மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறையா என்று பார்க்கக் கோயமுத்தூர் செய்தியைப் போட்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் ஓடுவது அதுதான். விடுமுறை இல்லை என்றார்கள். மூன்றாம் வகுப்பு மகள் படிப்பதோ கேரளப் பள்ளியில். ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினேன். கேட்டருகே ஒரு பிள்ளையும் இல்லை. இன்றைக்காவது முதல் ஆளாக வந்தோமே என்று பெருமையோடு திரும்பினேன்.

வீட்டு வாசலில் கணவர் நின்றிருந்தார்.

"ஏம்புள்ள, பாலக்காட்டுக் கலெக்டரு லீவு உட்டுட்டாராமா. பாப்பா எங்க?"

ஸ்கூட்டரை அப்படியே திருப்பினேன். வழியில் ஓடை பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளோ, தனியாக நடந்து வந்து ஓடையில் இறங்கிவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டே விரட்டினேன்.

பள்ளிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"பயந்துட்டியா சாமி? அம்மா தெரியாமப் பண்ணிப்போட்டேன்."

"இனிமே நியூஸ நான் பாத்துக்கறனுங்மா."