பச்சைத் தக்காளிகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு, அச்சில் பிசகிப்போன பட்டாசு லேபிள் தாள்தான். அப்பா திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தார். ஐந்தாம் வகுப்பு லீவில் ஒருநாள், அந்தச் சிவப்புத் தாளின் மேல் தூக்குவாளியையும் நாலு தக்காளியையும் வைத்துப் படம் வரைந்தேன். ட்ராயிங் டீச்சர் தன் செல்போனில் ஒரு நவீன ஓவியத்தைக் காட்டியிருந்தார். அதில் மேசை சரிந்து கிடந்தது. பழங்கள் மட்டும் உருளாமல் இருந்தன. நானும் மேசையைச் சரித்தேன். வாளியின் வாயும் வயிறும் ஒரே நேரத்தில் தெரியும்படி போட்டேன். எல்லாவற்றையும் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு.

அப்பாவுக்குப் படம் பிடித்துவிட்டது. வாளியின் வளைவை விரலால் தடவிப் பார்த்து, அப்போதே சுவரில் ஒட்டினார். சாயங்காலம் வந்த அத்தைதான் சிரித்தாள்.

"ஏண்ணே, தக்காளிய யாராச்சும் பச்சையாத் தீட்டுவாகளா? புள்ளை கண்ண டாக்டர்ட்ட காட்டுங்க."

காயை வரைந்திருப்பாள் என்று அம்மா சமாளித்தாள். அப்பா படத்துக்கு அருகில் போய் நின்றவர் நின்றவர்தான். மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னை விருதுநகருக்குக் கூட்டிப்போனார்.

கண் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கமெல்லாம் வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் எண்கள். நான் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த அப்பாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு. பெறகு ஏம்மா பச்சை போட்டே?" என்றார் டாக்டர்.

"செவப்புத் தாளு மேல செவப்புத் தக்காளி போட்டா தெரியவே மாட்டேங்குது. பச்சைதான் எடுப்பா இருந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "இவளுக்கும் வந்திருச்சோன்னு பயந்துட்டேன் சார்" என்று கர்ச்சீப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கோ, கண்ணாடி போட வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஆளே மாறிப்போனார். "அந்தா போற அக்கா சேலை என்ன கலரு? அந்தச் சுவரு? சரி, எஞ்சட்டை?"

"பச்சைப்பா."

"பச்சையா!" என்று குனிந்து, தன் சட்டையையே புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாவின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. டாக்டர் வைத்த பரீட்சை போதாமல் அவரும் ஒன்று வைக்கிறார் என்று நினைத்து, ஊர் வரும்வரை உரக்கப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.