மெஷின் ரூமுக்குக் கதிரை இல்லை

எங்கள் ஹாஜியார் பழைய தியேட்டரைத் திருத்தப் போகிறார் என்ற கதை வந்தபோது முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். "ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனுசன் தஸ்பீஹ் மணியப் புடிச்சிட்டு இருக்காம தியேட்டர் கட்டப் போறாராம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதனால் ஹாஜியார் கூட்டங்களில் "கலாசார மண்டபம்" என்றுதான் தொடங்குவார். இரண்டு வசனம் தாண்டுவதற்குள் மறந்துபோய், "நம்மட தியேட்டர்ல நான் கெலரியில இருந்து அடிச்ச விசில் இருக்கே..." என்று போய்விடுவார்.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டி வீதியில், நுரைச்சோலை தாண்டி, பாதிக் கூரையோடு நிற்கிற அந்தக் கட்டடத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தொண்ணூறில், யுத்தத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய எங்களுக்கு ஊர்க்காரர்கள் திறந்துவிட்டது அதைத்தான். கதிரைகளைக் கழற்றி மூலையில் அடுக்கினோம். கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு துண்டுத் தரையில் குடித்தனம் நடத்தினோம். இன்றைக்கும் எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் பேசும்போது, "அவங்க பெல்கனி ஆக்களா, கெலரி ஆக்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெல்கனி ஆட்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம். மழைக்கு முதலில் நனைந்தது தாங்கள்தான் என்பதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

நான் டீச்சராக இருந்தவள், சிங்களமும் ஓடும் என்பதால் திருத்தக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். நிதி திரட்ட ஹாஜியார் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரு கதிரைக்குப் பணம் தந்தால் அதன் முதுகில் தந்தவருடைய பெயர். உள்ளூர் ஆட்கள் திரைக்கு நேரே நல்ல கதிரைகளாகப் பார்த்துப் பிடித்தார்கள். எங்கள் ஆட்களோ, லண்டனில் இருப்பவர்கள் வரைக்கும், "திரை தெரியாட்டியும் பரவாயில்ல, நாங்க இருந்த இடத்திலயே போடுங்க" என்றார்கள். ஒரே தூணின் அடியில் குடியிருந்த இரண்டு குடும்பங்கள், சேலை கட்டிய கயிறு தூணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்தன. கடைசியில் எனக்கு மூத்தவளான ராத்தாதான் நேரே போய்த் தரையில் காலால் கோடு போட்டாள். "கயிறு இங்க. அந்தப் பக்கத்து வாப்பா குறட்டை விட்டா இந்தப் பக்கத்துப் புள்ள எழும்பும். எனக்குத் தெரியாதா?" என்று தீர்ப்பும் சொன்னாள்.

எந்த ஊர் என்று கேட்க ஒருவர் வாயைத் திறந்தாலே, கேள்வி முடியுமுன் ராத்தா "மன்னார்" என்பாள். "இவ்வளவு காலமா எங்கட உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு இன்னும் மன்னாரா?" என்று உள்ளூர்க்காரரான ஹாஜியார் சீண்டுவார்.

"உப்பா இருக்கிறதாலதான் நானா, ஊர் ஞாபகம் வருது" என்பாள், அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றழைக்கிற அவள்.

அவள் தனக்கென்று கதிரை கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது மெஷின் ரூம். பெல்கனிக்குப் பின்னால், படம் ஓட்டும் மெஷின் இருந்த சின்ன அறை. அத்தனை பெரிய கட்டடத்தில் கதவைச் சாத்தக்கூடிய ஒரே அறை அது. ராத்தா தன் ஒரே மகளை அங்கேதான் பெற்றாள். நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் பாய்கிற ஓட்டையை உம்மா தன் சேலையால் அடைத்தார். கீழே எல்லாரும் படம் தொடங்கப் போவதுபோல அந்த ஓட்டையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிலாபத்திலிருந்து வந்த இளம் பொறியியலாளர், வரைபடத்தில் அந்த அறையின்மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தார். இப்போது படம் காட்ட ஒரு சின்னப் பெட்டி போதுமாம். அறையை இடித்தால் பெல்கனிக்கு நல்ல படி வைக்கலாமாம். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் ராத்தாவின் முகம் சுருங்கியது.

"அத உடைக்க வாணாம் நானா."

"தங்கச்சி, கூரை இத்துப் போச்சி. திருத்தச் சல்லி வேணும். அந்த ரூமுக்குக் கதிரை இல்லையே! கதிரை இல்லாம யார்ட பேர்ல சல்லி கேக்கிற?" என்றார் ஹாஜியார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மகளிடம் பணம் கேள் என்றேன். ராத்தா மறுத்துவிட்டாள். "அவளுக்கு அந்தக் கதையே புடிக்காது." உண்மைதான். பள்ளிக்கூடத்தில் "படப்பொட்டி" என்று கூப்பிட்டு அவளை அழவைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்பாள். கனமூலையில் இருக்கிற புருஷன் வீட்டாரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். இப்போது அவள் டோஹாவில். அவளைச் சங்கடப்படுத்த ராத்தாவுக்கு மனமில்லை, அறையை விடவும் மனமில்லை. சோறு இறங்காமல் கிடந்தாள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹாஜியார், எனக்கென்று நினைத்து, ஒரு குரல் பதிவை நன்கொடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "டீச்சர், ஒங்கட ராத்தாக்குக் கொஞ்சம் சொல்லி விளங்கப்படுத்துங்க. புள்ள பெத்த ரூமாம், உடைக்க வாணாமாம். புள்ள வளர்ந்து டோஹாக்கும் போயிட்டு. இனி அந்த ரூம்ல யாரு பெறப்போற?"

குழுவில் ராத்தாவின் மகளும் இருந்தாள், உம்மாவுக்கு ஒரு கதிரை வாங்கவென்று சேர்ந்தவள். புருஷன் வீட்டாரில் பாதிப்பேரும் இருந்தார்கள். ஹாஜியார் பதற்றத்தில் அதை அழிக்கத் தெரியாமல் தடவி, கூடவே ஒரு "மாஷா அல்லாஹ்" ஸ்டிக்கரையும் அனுப்பிவிட்டார்.

பிறகு மகளின் குரல் வந்தது.

"ஹாஜியார் மாமா, அந்த ரூம உடைக்க வாணாம். கூரைக்கு நான் அனுப்புறன். உம்மாக்கு ஊர் மன்னார். இவருக்கு ஊர் கனமூலை. என்னக் கேட்டா நான் ஆஸ்பத்திரி எண்டு சொல்லுவன். ஆஸ்பத்திரி ஒருத்தருக்கும் ஊராகாது மாமா. எனக்கு ஊர் எண்டு சொல்ல அந்த ரூம் மட்டும்தான் இருக்கு."

ராத்தா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அழுதாள். அழுதுகொண்டே, "மூக்கடைச்சுக் கதைக்கிறாள் பாரு, ஏசிக்குள்ள படுக்கிற படுக்கை" என்று குறையும் சொன்னாள்.

படி வேறு பக்கத்தால் போனது. அறைக்குக் கூரை வந்தது. ஹாஜியார் தன் சட்டத்தை விட்டுக்கொடுக்காமல் அதற்குள்ளும் ஒரு கதிரையைப் போட்டார். அதில் இருந்தால் திரை துளியும் தெரியாது. அதன் முதுகில் மகளின் பெயரை எழுத வந்த பெயின்டர், பிரஷைத் துடைத்தபடி மரியாதைக்கு ராத்தாவிடம் கேட்டான்.

"நீங்க எந்த ஊர்?"

கேள்வி முழுதாக முடிந்தது. ராத்தா இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் மன்னார்" என்றாள் பிறகு. கதவைக் கையால் தட்டினாள். "மகள் இந்த ஊர்."