பதினாலு கோடிக்கு வக்காலத்து

மூன்றாம் வரிசை நாற்காலிகளைத் துடைத்து முடித்து நான்காம் வரிசைக்கு ஏறும்போதே லொரெட்டா ஷிமான்ஸ்கி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்: “பதினொண்ணு, முழங்கால் எப்படி இருக்கு? ஆறு, பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சுதா?” பெயர்கள் அவர் நினைவில் நிற்பதில்லை. நாற்காலி எண்களும் அவற்றில் உட்காருபவர்களின் வீட்டுக் கதைகளும் நிற்கின்றன.

மில்வாக்கி பேஸ்பால் மைதானத்தில் இடது வேலியை ஒட்டிய பகுதிக்கு முப்பத்தோரு வருடமாக அவர்தான் பொறுப்பு. ஆட்களை உட்காரவைப்பார்; சண்டை வந்தால் நடுவில் நிற்பார். உயரம் ஐந்தடி. வயது அறுபத்துநாலு.

அவருக்கு ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எஸ்தெபான் லுகோனா என்ற ஆட்டக்காரனை ஏழு வருடத்துக்குப் பதினாலு கோடி டாலர் கொடுத்து நம் அணி எடுத்தது. முதல் இரண்டு வருடம் ஊரே அவன் பெயர் போட்ட சட்டையில் திரிந்தது. மூன்றாம் வருடம் தோள்பட்டைத் தசை கிழிந்தது. அதிலிருந்து அவன் மட்டை பழையபடி பேசவில்லை.

“தண்டம்” என்பார், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்று, ஓர் ஆட்டம் விடாமல் அந்தப் பகுதியில் வந்து உட்காரும் எர்வின் க்ரூகர். “அந்தக் காசுக்கு நாலு பொடியனுங்களை எடுத்திருக்கலாம்.”

“எர்வின், முதல் ஆறு வருஷம் பழைய டீம் போட்டதுதான் சம்பளம்னு அவன் ஆடினானே, அப்ப மலிவா கிடைச்சான்னு யாராவது வருத்தப்பட்டாங்களா? இப்பதான் அவன் கேட்ட விலை அவனுக்குக் கிடைச்சுது. அது உனக்கு ஏன்ப்பா உறுத்துது?” என்பார் லொரெட்டா.

போன ஆகஸ்டில், ஒரு பகல் ஆட்டம். வேலியோரம் வந்த சுலபமான பந்தை லுகோனா நழுவவிட்டான். முன்வரிசையிலிருந்து ஒரு பீர் கோப்பை பறந்து, சரியாக அந்தத் தோளில் விழுந்தது. எறிந்தவர் அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியவர். லொரெட்டா படியிறங்கி அவர் முன்னால் நின்றார்.

“எழுந்திருங்க சார்.”

“இவனுக்குச் சம்பளமே எங்க காசுதான், தெரியுமா?”

“நீங்க குடுத்தது நாற்காலிக்கு. அந்த நாற்காலியும் இன்னைக்கு உங்களுக்கு இல்ல. எழுந்திருங்க.”

எழுந்து போனவர், வாசலில் புகார் எழுதிக் கொடுத்தார்: ஊழியர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார், கோப்பை கைதவறி விழுந்தது. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. நான்கு ஆட்டங்கள் லொரெட்டா வீட்டில் இருந்தார். வானொலியில் ஆட்டத்தைக் கேட்கவும் பிடிக்காமல் சமையலறை அலமாரிகளையெல்லாம் காலிசெய்து கழுவினார். முப்பத்தோரு வருடம் இப்படியா முடியவேண்டும் என்று தங்கையிடம் ஒருமுறை கேட்டாராம். அழவில்லை.

ஐந்தாம் நாள் எர்வின் யாரிடமும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போனார். அந்தக் கை ஓங்கியதைப் பார்த்தேன் என்று சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒப்பந்தம் தண்டம் என்பதையும் அதே தாளில் பதிவுசெய்யச் சொல்லி அடம்பிடித்தாராம்.

அந்தத் தாளை லொரெட்டாவிடமும் காட்டி அலுவலகம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் வந்த அன்று, பயிற்சி முடித்த லுகோனா வேலியருகே வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். ஒரு பந்தை அவரிடம் மெல்லத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினான்.

“பந்து ஒண்ணும் மோசமில்ல. ஆனாலும் பதினாலு கோடி ஜாஸ்திதான்” என்றார் எர்வின்.

லொரெட்டா அந்தப் பந்தை எர்வினின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார்.