அத்தையின் வைவாவும் அப்பாவின் தமட்டையும்

பெரிய படிப்பாளிகள் எழுதும் இந்தப் பணி நிறைவு மலரில், பத்தாவதோடு நின்றவள் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நவீன கவிதை பற்றி என் அத்தை எழுதிய நூல்களை மற்றவர்கள் சொல்வார்கள். அவர் டாக்டரான நாளை நான் கண்ணால் பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, அந்த வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தே கிளம்பிவிட்டது. தேறினால்தான் கல்லூரி வேலை. அத்தைக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அப்பா சாவுக்கும் திருவிழாவுக்கும் தமட்டைப் பறை அடிப்பவர். பஸ் ஏறும்போது அவர் தோளைப் பார்த்து அத்தை, "தமட்டை மட்டும் வேணாம்ணா" என்றார்.

"நீ டாக்டரான பின்னாடிதானம்மா அடிப்பேன். உள்ள கை தட்டுனா தெரிஞ்சிடும்" என்று சிரித்த அப்பா, கூடத்துக்குள் வராமல் மரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

அத்தை தன் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். வேலை முடிந்தது என்று நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம். கேள்விகளே இனிமேல்தான் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? வெளியே அப்பா காகிதத்தைக் கொளுத்தி, சத்தம் கணீரென்று வரத் தமட்டைத் தோலைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்.

யாப்பை விட்ட கவிதையில் தாளம் எங்கே இருக்கிறது என்று சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். அத்தை ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அத்தை மறுபடி சொன்னார். மறுபடியும் அதே தலையாட்டல். அத்தை மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்த நேரம், ஜன்னலுக்கு வெளியே தமட்டை அதிர்ந்தது. என் கால் தானாக ஆடியது. துறைத் தலைவர் எழுந்து, நிறுத்தச் சொல்ல ஆள் அனுப்பப் போனார்.

அத்தை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் சார், கேளுங்க. ஒரு அடிய விட்டுட்டு அடிக்கிறாரு. விட்ட எடத்த நம்ம காலு போட்டுக்குது. இந்தக் கவிதைங்கள்லயும் தாளம் அப்படித்தான் இருக்கு." பிறகு மெதுவாக, "அடிக்கிறது எங்க அண்ணன்" என்றார்.

கூடம் அப்படியே அடங்கிப்போனது. சற்றுப் பொறுத்து மேஜைக்கடியில் ஒரு செருப்பு தட்டியது. தேர்வாளருடையது. அவர் சிரித்துவிட்டார்.

அன்று மாலைக்குள் அத்தை டாக்டர். அப்பா மறுபடி அடிக்க, எங்கள் சந்தே பல்கலைக்கழக வாசலில் ஆடியது. அப்பா அடித்த அடியில்தான் அத்தை பாஸ் என்று பள்ளியெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தனை பெரிய பதிலைச் சொன்னவருக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல ஏன் குரல் இறங்கியது, கூடம் ஏன் அடங்கியது என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. எல்லோரும் தமட்டையை ரசித்துக் கேட்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மறுநாள் அத்தை நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அப்பா அல்சூரில் ஒரு சாவுக்கு அடிக்கப் போனார்.