சன்னாசியின் ஒரு வாய்க் கோப்பி

கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவர் அந்த வீட்டில் வாய் நனைக்காமல் படியிறங்கக் கூடாது. போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. சன்னாசிக்கு வினையாக வந்தது அதுதான்.

செம்பனைக் குலை லோரி ஓட்டியே தலை நரைத்தவர். பக்கத்தில் கோப்பிப் பிளாஸ்க் இல்லாமல் அவர் வண்டி நகர்ந்ததில்லை. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைத் தின்றுவிட, இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ்.

மகள் ஷாமினியின் கல்யாணத்துக்கு மனைவி லெட்சுமியோடு முதல் ஞாயிறு அழைக்கக் கிளம்பினார். போன வீட்டிலெல்லாம் கோப்பி. வேண்டாமென்றால் முகம் சுருங்கும். குடித்தார். மறுநாள் டயாலிசிஸ் நிலையத்தில், கால் வீங்கி, மூச்சிரைக்க எடை பார்க்கும் மேடையில் நின்றார். அங்கே தாதியாக இருக்கும் மிஸ்ஸி தர்மினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்கிள், கல்யாணத்துக்குக் காருல வரப்போறீங்களா, அம்புலன்சுலயா?"

"கோப்பிதானேம்மா."

"கோப்பி விஷமில்ல அங்கிள். பால், கிரீமர் இல்லாம ஒரு சின்ன கப் குடிங்க, யாரு வேணாங்கறா? ஆனா அதுவும் தண்ணிதான்லா. வெளிய போக வழியில்லாம நெஞ்சுல போயி நிக்கும்."

அடுத்த ஞாயிறு லெட்சுமி ஒரு வழி கண்டாள். அவர் உதட்டை நனைப்பார். மிச்சத்தை அவள் குடிப்பாள். புருஷன் எச்சில் பெண்டாட்டிக்கு எச்சிலில்லை. "இந்த வயசுல ஒரே கப்பா?" என்று தோட்டத்து லயன் வீடுகளில் கேலி பேசினார்கள். பாவம், அவளுக்குத்தான் தூக்கம் போனது.

கடைசி வீடு ரஹாங்கில், லெட்சுமியின் அண்ணன் ஆறுமுகத்தினுடையது. கோயில் திருவிழாத் தகராறில் பேச்சு முறிந்து வருஷக் கணக்காகிறது. ஆனால் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் ஷாமினி மணவறை ஏற முடியாது. மச்சான் தன்னைப் பார்த்துப் பாவப்படக் கூடாது என்று சன்னாசி நோயை அந்த வீட்டுக்குச் சொல்லவே இல்லை.

கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி பெரிய குவளையில் வந்தது. சன்னாசி உதட்டில் வைத்துவிட்டு லெட்சுமி பக்கம் நகர்த்தினார்.

"ஏன் மச்சான், என் வீட்டுக் கோப்பி தொண்டைல எறங்காதா?" ஆறுமுகம் எழுந்துவிட்டார். "அப்ப பத்திரிகையையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க."

சன்னாசி சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த நரம்பின்மேல் மச்சானின் கையைப் பிடித்து வைத்தார்.

"என்ன இது, உள்ள அதிருது?"

"இஞ்சின். கிட்னி ரெண்டும் போச்சு மச்சான். ரத்தத்த மிஷின்லதான் கழுவுறாங்க. அதுக்குத்தான் கையில ரெண்டு நரம்ப ஒண்ணாத் தச்சிருக்காங்க. இத்தனையும் குடிச்சா எனக்கு மூச்சு முட்டும். குடிக்கலன்னா நீ வரமாட்ட. என்ன செய்யட்டும், சொல்லு."

ஆறுமுகம் கையை எடுக்கவில்லை. "எத்தன நாளா?"

"மூணு வருசம்ண்ணே," என்றாள் லெட்சுமி. "சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

"வீம்பு புடிச்ச மனுசன்!" ஆறுமுகம் குவளையை எடுத்து நின்றபடியே குடித்தார். அடியில் ஒரு வாய் விட்டு நீட்டினார். "இது புள்ளைக்காக."

சன்னாசி எச்சில் பார்க்கவில்லை. குடித்தார்.

கல்யாணத்தன்று மாலை எடுத்துக் கொடுத்த கையோடு ஆறுமுகம் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். யார் கோப்பி நீட்டினாலும் குறுக்கே கை வந்தது. "மச்சானுக்கு வேணாம், இங்க குடு." பந்தி முடிவதற்குள் அத்தனை கோப்பியும் ஏறி ஆறுமுகத்துக்கு வெடவெடவென்று கை நடுங்க ஆரம்பித்திருந்தது.