பச்சைச் சீம்பால் கேட்ட மகள்

என் மகள் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என்ன கம்பெனி என்று கேட்பவர்களிடம் மருந்துக் கம்பெனி என்றுதான் ரொம்ப நாள் சொல்லிவந்தேன். மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். மாட்டை வெட்டாமல் கறி, மாட்டைக் கறக்காமல் பால் என்று தொட்டியிலேயே வளர்த்தெடுக்கிற ஆட்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய ஒரு சத்தை இவர்கள் செய்து கொடுக்கிறார்கள். இதை எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் சொல்லிப் பாருங்கள். தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் மாட்டு விஷயத்தில் யாரும் என்னிடம் கதை விட முடியாது.

அந்தச் சத்து என்னவென்று ஒரு தடவை கேட்டேன். ஒரு துணுக்குக் கறி வளர வேண்டுமானால், 'வளரு' என்று அதற்கு ஒன்று சொல்ல வேண்டுமாம். உடம்புக்குள்ளே அப்படிச் சொல்கிற சத்துகள் இருக்கின்றனவாம். அதை மாட்டிலிருந்து எடுக்காமல் ஈஸ்ட்டை வைத்து உண்டாக்குகிறார்களாம்.

"ஈஸ்ட்டுன்னா என்ன கண்ணு?"

"கள்ளு நொரைக்குதல்லங்கம்மா, அதுக்குள்ள இருக்கறதுதானுங்க."

தென்னந்தோப்புக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கள் நுரைப்பதைச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கள்ளை நுரைக்க வைக்கிற ஒன்று மாட்டின் சத்தை எப்படிக் கொடுக்கும்? மாட்டிடமிருந்து அந்தப் பக்குவத்தை மட்டும் எடுத்து அதற்குள் வைத்துவிடுகிறோம் என்றாள். தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் எங்கள் பக்கம் வருகிற மாட்டுத் தரகர். ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்:

"சென மாட்ட அறுக்கறப்ப வவுத்துல கெடக்கற கன்னோட ரத்தத்தத் தனியாப் புடிச்சுட்டுப் போறாங்களாமுங்க. கறி வளத்தற கம்பெனிக்காம். உங்க புள்ளயும் அந்த மாதிரி எடத்துலதானுங்களே?"

"என்ற புள்ள அந்தச் சோலிக்குப் போவாளா? காப்பியக் குடிச்சுப்போட்டு எந்திரிங்க."

அவரை எழுப்பிவிட்டேனே தவிர அந்தப் பேச்சு எழுந்து போகவில்லை. மகள் வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையில் கை வைத்தால் என் கண் அந்தக் கையிலேயே நிற்கும்.

போன ஈத்தின்போது எங்கள் செவலை மாடு கன்று போடுகிற நாளுக்குச் சரியாக வந்து நின்றாள். பொங்கலுக்கே லீவு கிடைக்காதவள். கையில் ஒரு ஐஸ் பெட்டி. இது என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

விடியற்காலை கிடாரிக் கன்று விழுந்தது. கன்றைத் துடைத்துவிட்டு நான் நிமிர்வதற்குள் கேட்டுவிட்டாள்.

"அம்மா, ஒரு பாட்டல் சீம்பால் வேணுமுங்க. காச்சாம, பச்சையா."

எங்கள் வீட்டில் பச்சைச் சீம்பால் வாசலைத் தாண்டாது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, துண்டு போட்டுத்தான் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். பச்சையாக வெளியே போனால் மடிக்குக் கண்ணேறு. இது அவளுக்கும் தெரியும்.

"மாடே வேண்டாங்கற கம்பெனிக்கு என்ற மாட்டுச் சீம்பால் எதுக்கு?"

"ஒத்துப் பாக்கறதுக்குங்க. கன்ன வளத்தற சத்து சீம்பால்லதான் நெறைய. நாங்க பண்ணுனது அதே மாதிரி வேல செய்யுதான்னு பக்கத்துல வெச்சுப் பாக்கோணும்."

"இன்னைக்கு ஒரு பாட்டலு, நாளைக்கு ஒரு கொடம். பொறவு மாட்டையே ஓட்டிட்டுப் போவீங்க."

"எங்காபீஸ் மாடிலீங்கம்மா. லிப்ட்டுல மாடு ஏறாது."

நான் சிரிக்கவில்லை. சாணிக் கையோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உங்க கம்பெனில கன்னு ரத்தம் இருக்குதா, இல்லியா?"

மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க ரூம்ல இல்லீங்க. பக்கத்து ரூம்ல இருக்குதுங்க. கறித் துணுக்க அங்க இன்னும் அதுலதான் வளத்தறாங்க. நாங்க பண்றது சரியாயிருச்சுன்னா அத நிறுத்திப்போடுவாங்க. அதுக்குத்தானுங்கம்மா இந்தப் பால்."

தரகர் சொன்னது பொய்யில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தால் பாவம் ஒட்டாதா? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? பால் வேண்டும் என்பதால் இப்போது சொல்கிறாளா? வாயில் எல்லாம் வந்தது. அதற்குள் கன்று தடுமாறி எழுந்து மடியைத் தேடிப் போனது.

"மொதல்ல கன்னு குடிக்கட்டும். அது வவுறு நெறஞ்ச பொறவு பாக்கலாம்" என்றேன்.

அவள் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். கன்று குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு நானே கறந்தேன். பாட்டிலுக்குள் போட ஒரு துண்டு அடுப்புக்கரி எடுத்தேன்.

"ஐயோ, கரிய உள்ள போடாதீங்கம்மா! டெஸ்ட்டே கெட்டுப்போயிரும்!"

"கரி இல்லாம இந்தப் பால் வாசலத் தாண்டாது."

"வெளிய கட்டுனா ஆவாதுங்களா?"

கண் வெளியிலிருந்துதானே படுகிறது. யோசித்துப் பார்த்துவிட்டு, கரியையும் ஒரு வரமிளகாயையும் துணியில் முடிந்து பாட்டிலின் கழுத்தில் கட்டிக் கொடுத்தேன். ஆபீஸில் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்களாம். எடுக்கட்டும்.

சில வாரம் கழித்து அவள் போன் செய்தபோது நான்தான் கேட்டேன்.

"ஒத்துப்போச்சா?"

"முக்கால்வாசி ஒத்துப்போச்சுங்க. இன்னுங் கொஞ்சம் சரி பண்ணோணும். அடுத்த ஈத்துக்கும் ஒரு பாட்டல் வேணுமுங்கம்மா."

"பக்கத்து ரூம்ல ரத்தம் நின்னுதா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பப் பால நானே கொண்டாரேன். அந்த ரூமத் தொறந்து காட்டச் சொல்லு. காலியா இருந்தாக் குடுக்கறேன்."

"உள்ள உட மாட்டாங்கம்மா."

"அப்பப் பாலும் உள்ள வராது."

செவலை இப்போது மறுபடி சினையாக இருக்கிறது. மகள் வாராவாரம் கூப்பிட்டு மாட்டைப் பற்றி விசாரிக்கிறாள். அந்த அறையைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாடு எப்போது கன்று போடும் என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.