தகவல் சொன்னவர்: அத்தை

என் மகளின் ஆஸ்பத்திரி பைல் ஸ்ரீவில்லிபுத்தூரில், என் கணவரின் அக்கா வீட்டு பீரோவில் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் மகளும் அங்கேதான் இருந்தாள். கணவர் வெளிநாட்டில், எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்டு வேலை, மதினி வீட்டுக்கு எதிரே நல்ல பள்ளிக்கூடம். இந்த ஏற்பாட்டைச் செய்தவளே நான்தான். செய்துவிட்டு, பிள்ளை காய்ச்சலில் "அத்தை" என்று முனகுகிறாளே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் டான்சில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது பழைய சிகிச்சைக் காகிதங்களைக் கேட்டார்கள். ஏதோ ஓர் ஊசி அவளுக்கு ஒத்துக்கொண்டதில்லை. எந்த ஊசி என்று எனக்குத் தெரியாது. மதினியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். "பெத்தவளுக்குத் தெரியலையாக்கும்" என்று சொல்லிவிடுவாரோ என்று நானே நினைத்து நானே பயந்தேன்.

கம்பெனியில் என்னோடு கட்டுப்போடும் காஸ் துணி மடிக்கிறவள்தான் சொன்னாள்: "பெத்தவங்க எழுதிக் கேட்டா ஆஸ்பத்திரில நகல் குடுத்தே ஆகணும்க்கா. மூணு நாள்தான் கெடு. சட்டம் இருக்கு."

அரை நாள் லீவு போட்டு, மதினி அவளைக் காட்டுகிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். எட்டாவதோடு நின்றவள் நான். போகிற வழியிலேயே மனுவை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாண போட்டோவும் பையில்.

கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "எப்பவும் வர்ற அக்கா வரலையா? அவியதானே பாப்பாவோட அம்மா?"

"நான்தான் அம்மா!" குரல் கூடிப்போனது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். சான்றிதழை அவள் முன்னால் வைத்தேன்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. மனுவக் குடுத்துட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை நகல் கைக்கு வந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவள் இங்கிலீஷ் மீடியம், ஆறாவது.

"ஊசி பேரு இருக்கும்மா!"

மதினியைக் கேட்காமலே ஜெயித்துவிட்டேன் என்றிருந்தது. ஆனால் ஒவ்வொரு தாளின் மேலேயும், நோய் விவரம் சொன்னது யார், அதை நம்பலாமா என்று டாக்டர் குறித்த ஒரு வரி இருந்தது. "தகவல் சொன்னவர்: அத்தை. நம்பலாம்னு போட்டிருக்கு. இதுலயும் அத்தை. நம்பலாம்."

"அத விட்டுட்டு வாசியேன்ட்டி."

ஒரு தாளில் அவளே நின்றுவிட்டாள். "இதுல நீ."

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. பஸ் வருது."

"வாசின்னு சொல்லுதேன்."

"தகவல் சொன்னவர்: அம்மா. நம்ப முடியாதுன்னு போட்டிருக்கு."

மதினிக்கு உடம்பு முடியாமல் நான் கூட்டிப்போன ஒரே தடவை அது. தெரியாது என்றால் இவளெல்லாம் ஒரு தாயா என்று டாக்டர் நினைப்பாரே என்று, கேட்டதற்கெல்லாம் ஆமா போட்டிருந்தேன். இளைப்பு உண்டா? ஆமா. மாத்திரை முழுவதும் கொடுத்தீர்களா? ஆமா. அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

மதுரையில் மயக்க மருந்து டாக்டர் அந்தத் தாள்களைப் புரட்டினார். "ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல தடிப்பு வந்தது? மூச்சுத் திணறல் இருந்ததா? இதுல எழுதலையே."

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. அவ அத்தைக்குத்தான் தெரியும்."

மதினியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டு, டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

"ஏட்டி, இத மொதல்லயே எங்கிட்டக் கேட்டா வாயிலருந்து முத்தா உதிர்ந்திரும்?" என்று டாக்டர் காதுபடவே இடித்துவிட்டு, மதினி சொல்ல ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் கழுத்தில் தடித்தது. பொறவு உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. "செத்த நேரத்துல பிள்ள துவண்டு போச்சு டாக்டர். எம் மடியிலதான் கெடந்தா, 'அத்த, அத்த'ன்னு."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. சரியாகக் கேட்கட்டும் என்று போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.